களவு போகும் முன் எடுக்க வேண்டிய படம்

தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறை ஆணையர் அவர்களுக்கும், மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியர்களுக்கும் வணக்கம்.

நாலந்தா அருங்காட்சியகத்தில் 1961இல் 14 உலோகச் சிலைகள் திருடு போயின. அவற்றுள் ஒரு புத்தர் 2018இல்தான் லண்டனிலிருந்து திரும்பினார். அனந்தமங்கலம் கோயிலில் 1978இல் திருடப்பட்ட இராமர், இலக்குவன், சீதை 2020இல் பிரிட்டனிலிருந்து மீண்டார்கள். அவர்களை அடையாளம் காட்டியது, திருட்டுக்கு 20 ஆண்டுகள் முன்பு, 1958இல், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த படம்.

உங்கள் காப்பறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறதா?

மெழுகு உருவைச் சுற்றிக் களிமண் அச்சு செய்து, மெழுகை உருக்கிவிட்டு உலோகம் ஊற்றும் மெழுகு வார்ப்பில், அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இராது. ஆனால் 'நடராசர், செம்பு, உயரம் 60 செ.மீ.' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த நாட்டிலும் உரிமை கோர முடியாது. அளவுகோலை அருகில் வைத்து நான்கு பக்கமும், மேற்புறமும், பீடத்தின் அடியும் படமெடுங்கள். பிறகு வார்ப்புக் குழிகள், ஒடிந்த விரல், ஒட்டுப்போட்ட இடம், பீடத்துத் துளைகள் ஆகியவற்றை நெருங்கி எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் ஃபிளாஷில் குழிகளே தெரியாது. எடையையும் எழுதுங்கள்.

எண்ணை எனாமல் பெயின்டில் எழுதாதீர்கள். பாரலாய்டு பி-72 என்ற, பின்னர் கரைத்து நீக்கக்கூடிய அக்ரிலிக் பிசினின் 20 விழுக்காடு அசிட்டோன் கரைசலை மறைவான இடத்தில் மெல்லப் பூசி, காய்ந்ததும் கருப்பு மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு போதும். திருடன் அதைத் துடைத்துவிடுவான். அதனால்தான் படம் முக்கியம் என்கிறோம். ஓலைச்சுவடியில் எதுவும் பூச வேண்டாம். பென்சிலில் எழுதிய சீட்டைக் கயிற்றில் கட்டுங்கள். ஏடுகளை எண்ணி, முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் படமெடுங்கள். பூச்சி துளைத்த தடமே அந்தச் சுவடியின் கைரேகை.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது காசுகள். புதையலாக வந்த 250 செப்புக்காசுகளும் ஒரே எண்ணில், ஒரே பையில் கிடக்கும். ஐந்து குறைந்தால் எண்ணியாவது பார்க்கலாம். நல்ல காசை எடுத்துவிட்டுத் தேய்ந்ததைப் போட்டால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். காசுக்கு ஓர் உறை, ஒரு துணை எண், இரு பக்கப் படம், 0.01 கிராம் துல்லியத்தில் எடை வேண்டும். இதற்குத் தேவை ஒரு சிறிய மின்தராசும் பொறுமையும்தான்.

மாதம் ஒருமுறை பதிவேட்டில் 20 எண்களைப் பொறுக்கி அலமாரியில் தேடுங்கள். பிறகு அலமாரியில் 20 பொருள்களை எடுத்துப் பதிவேட்டில் தேடுங்கள். முதல் தேடலில் காணாமற்போனது தெரியும். இரண்டாவதில், பதிவாகாமலே கிடப்பது தெரியும். 'காணவில்லை' என்று எழுதப்பட்ட பொருள் பக்கத்து அலமாரியிலிருந்தே கிடைப்பதும் உண்டு.

பார்வையாளர் வருகைப் பதிவேட்டையும் கழித்துவிடாதீர்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் 2005இல் காணாமற்போன, 1715இல் அச்சான தமிழ் விவிலிய வழக்கு, துப்புத் துலங்கவில்லை என்று மூடப்பட்டது. பின்னர் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வருகைப் பதிவேட்டைப் புரட்டித் தேடத் தொடங்கி, 2022இல் நூல் லண்டனில் இருப்பதைக் கண்டறிந்தது. காணாமற்போன பொருளின் எண்ணை ஒருபோதும் அடித்துவிடாதீர்கள். வேறு பொருளுக்கும் கொடுக்காதீர்கள்.

ஆணையர் அவர்களே, காப்பாட்சியர் மாறுதலாகும்போது பொருள்களைப் பார்க்காமலே பொறுப்பு ஒப்படைப்பில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை ஓர் ஆணையால் நிறுத்துங்கள். சரிபார்த்து முடியும்வரை இருவரையும் ஒரே இடத்தில் பணியில் இருக்க விடுங்கள். படங்களின் ஒரு பிரதி சென்னையிலும் இருக்கட்டும்.