ரேமைச் சந்தேகப்படச் சொன்ன அண்ணனுக்கு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை கம்பைல் செய்யும்போதெல்லாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் பாதியில் விழுந்துகொண்டிருந்தது. 'இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று வந்ததும், கம்பைலரிலேயே பிழை பிடித்துவிட்டேன் என்று உள்ளூர ஒரு பெருமை வேறு. வழு அறிக்கைகூட எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்: "தம்பி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைலிலயா விழுது?"

பார்த்தேன். ஒரு முறை நெட்வொர்க் டிரைவரில், அடுத்த முறை ஃபைல் சிஸ்டத்தில், அப்புறம் வேறெங்கோ. கம்பைலர் பிழையென்றால் பெரும்பாலும் அதே நிரலில், அதே இடத்தில்தான் விழும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைப் பார் என்றீர்கள். கம்பைலர் நினைவகம் முழுக்க பாயின்டர்களாக, அதாவது நினைவக முகவரிகளாக, அடுக்கி வைத்திருக்கும். அதில் ஒரு பிட் புரண்டாலே போதும், சம்பந்தமில்லாத முகவரியில் போய்க் கைவைக்கும்; அதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட்.

ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓடவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் திரை நிறையப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். ரேமின் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன், பலனில்லை. இரண்டு ரேம் அட்டைகளில் ஒன்றைக் கழற்றியதும் கெர்னல் முழுசாக கம்பைல் ஆனது.

பெயர் போட வேண்டாம் என்றீர்கள், சரி. அந்த அறிக்கையை அனுப்பி அசடு வழியாமல் காப்பாற்றியதற்கும் சேர்த்து நன்றி அண்ணா.