ஆதார் நகல் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒருவரின் ஆதார் நகல் இருக்கும் படம் திருவல்லிக்கேணி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே எங்கள் ஜெராக்ஸ் கடையின் பெயரை எழுதி, 'இங்கேதான் எடைக்குப் போடுகிறார்கள்' என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். உங்களில் பலருக்கும் அது வந்திருக்கும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாளின் இடது ஓரத்தில் கோப்பில் கோப்பதற்கான இரண்டு துளைகள் இருக்கின்றன. மூலையில் பாதி மறைந்த ரப்பர் முத்திரையும் நீல மையில் அறை எண்ணும் இருக்கின்றன. எங்கள் கடையில் கெட்டுப்போகும் தாளுக்கு யாரும் துளை போடுவதில்லை, முத்திரை குத்துவதில்லை. எங்கோ ஒருவர் கேட்டார் என்று கொடுத்த நகல், கோப்போடு சேர்ந்து பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறது. பழி மட்டும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மேன்ஷன் தம்பிகள் முதல் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் வரை நம்பிக் கொடுக்கும் அட்டை அது. அதை விற்றுப் பிழைப்பவர்கள் என்று சொன்னது மனதை மிகவும் புண்படுத்திவிட்டது.

இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறோம். கோணலாக விழுந்த நகலும் மை தீற்றிய நகலும் இயந்திரத்துக்குக் கீழே உள்ள தட்டில் சேரும். மாலையில் அவற்றை எண்ணின் குறுக்கே வருமாறு கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிய பிறகே வெளியே போடுகிறோம். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் கோப்புகளை இரவு கடை சாத்துமுன் அழித்துவிடுகிறோம். 'போன வாரம் அனுப்பியதையே எடுங்கள்' என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்வது அதனால்தான்.

உங்கள் அச்சம் நியாயமானது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது எங்கள் வாசலில் நின்ற வரிசை உங்களுக்கு நினைவிருக்கும். ஓடிபி வந்த போனை அப்படியே எங்கள் பையனிடம் நீட்டியவர்கள் எத்தனை பேர்! அரசு கேட்கிறது, கொடுக்கிறோம். அதைப் பார்த்து விடுதியும் வாடகை வீட்டுக்காரரும் கேட்கிறார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், வருமான வரிக்கும் அரசின் உதவித் திட்டங்களுக்கும் ஆதார் கேட்பது செல்லும் என்றது; வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவர்களிடம் கொடுக்க வேண்டாம், ஆணையத்திடம் உரிமம் பெறாத விடுதிகள் வாங்கி வைக்கக் கூடாது என்று எச்சரித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்களைக் கேட்டால், அந்த எச்சரிக்கை அப்படியே நின்றிருக்க வேண்டும்.

ஆகவே, 12 இலக்கமும் தெரியும் நகலைத் தேவையில்லாமல் எடுக்காதீர்கள். ஆதார் இணையதளத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் கிடைக்கிறது. கேட்டால் நாங்களே எடுத்துத் தருகிறோம். ஓடிபியை நீங்களே தட்டுங்கள், எங்களிடம் சொல்ல வேண்டாம். முழு நகல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடத்தில், எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று நகலின் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஆதாரில் பதிந்த கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியும் அதே இணையதளத்தில் உண்டு. ரேஷன் கடைக்குப் போகுமுன் மட்டும் பூட்டைத் திறந்துகொள்ள மறவாதீர்கள்.

கெட்டுப்போகும் நகல்களுக்காக இப்போது தாள் நறுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறோம். அந்தச் செலவுக்காக, வரும் முதல் தேதியிலிருந்து ஒரு பக்க நகல் 3 ரூபாய்.

படம் வந்ததும் எங்களுக்குப் போன் செய்து 'உண்மையா?' என்று கேட்டவர்களுக்கும், அந்தக் குழுக்களிலேயே எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஐயம் இருப்பவர்கள் மாலையில் வாருங்கள். தட்டில் இருக்கும் தாள்களை உங்கள் கையாலேயே நறுக்கும் இயந்திரத்தில் விடலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
திருவல்லிக்கேணி, சென்னை