கெடு தேதியைக் கவனிக்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் மரக்கன்று நடவும் தேவனாம்பட்டினம் கடற்கரையைச் சுத்தம் செய்யவும் கடலூரில் ஆள் நிறைய வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களின் காற்றுக்காகவும் உப்பனாற்றுக்காகவும் வாதாடுவது ஒரு நாள் வேலையல்ல. அதற்கு ஒரே பொறுப்பை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்க்கும் ஆளும், மாதம் தவறாமல் வரும் சிறுதொகையும் வேண்டும்.

2004இல் சிப்காட் பகுதி மக்களே வாளியில் காற்று மாதிரி எடுக்கத் தொடங்கினார்கள். வாளிக்குள் ஒரு பை. மூடியை இறுக்கி வாளிக் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நிரம்பும். அந்தப் பை வெயில் படாமல் சீக்கிரம் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் உள்ளே இருப்பது சிதைந்தோ கசிந்தோ போகும். சோதனைச் செலவு அதிகம் என்பதால் நினைத்தபோதெல்லாம் எடுக்க முடியாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுப்பது என்பதைத் தினமும் எழுதும் நாற்றப் பதிவேடுதான் காட்டிக்கொடுக்கும்.

அதில் நாள், மணி, காற்று வீசிய திசை, என்ன வாடை, எவ்வளவு நேரம், கண்ணெரிச்சலா தலைவலியா, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். ‘நாற்றம் தாங்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் எந்த ஆலையையும் சுட்ட முடியாது. பகலில் கடல்காற்று, இரவில் தரைக்காற்று. அதிகாரி வந்து நிற்கும்போது திசை மாறியிருக்கும். வாடை அடித்த நேரத்திலேயே எழுதிய குறிப்புக்குத்தான் மதிப்பு. இன்னொன்று: அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். ‘வாடை தெரியவில்லை’ என்று எழுதலாம். ‘வாயு நின்றது’ என்று எழுதக்கூடாது.

அடுத்தது தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையின் நகல், ஆய்வு அறிக்கை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான கழிவுநீர்ச் சோதனை முடிவு என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், அதன் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் மனுப்போட 6 மாதம்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். மனு எழுத ஆள் கிடைத்துவிடுகிறார்கள். இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துத் துரத்தத்தான் ஆள் இல்லை. நியாயம் இருந்தும் புகார்கள் செத்துப்போவது இங்கேதான்.

பணத்துக்கு வருவோம். மாதம் 200 ரூபாய் வீதம் 25 பேர் கொடுத்தால் ஆண்டுக்கு 60,000. தபால், நகல், தண்ணீர்ச் சோதனை, விசாரணைக்குச் சென்னை போய்வர என்று இது நன்றாகக் கைகொடுக்கும். ‘மரக்கன்றுக்கு மட்டும்’ என்று கட்டிப்போட்டுத் தரும் பணத்தில் தபால்தலை வாங்க முடியாது, நிபந்தனையில்லாமல் கொடுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்தளிக்க முடியாது. ஊர்க் குழுக்களுக்கு ஊர்ப்பணம்தான் கதி. வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகத் தரவும். குழுக்களும் இரட்டைக் கையெழுத்துக் கணக்கு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை ஊரார் முன் படித்துக்காட்ட வேண்டும். எந்த ஆலையை எதிர்த்து மனுப்போடுகிறோமோ அதன் காசைத் தொடவே கூடாது.

ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் வேண்டும். எல்லாம் ஒருவர் கைப்பேசியிலேயே கிடந்தால், அவர் வேலை கிடைத்து வெளியூர் போகும் நாளில் பல வருடத்துப் பதிவும் கூடவே போய்விடும்.

ஆலை தொடங்கவோ விரிவாக்கவோ அனுமதி தரும் முன் நடத்தும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. அது விளம்பரங்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போகிறது. கூட்டத் தேதி, இடம், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்ட அலுவலகம் ஆகியவற்றை மாவட்டச் செய்திப் பக்கத்தில் தாங்கள் தனியே வெளியிட்டால், பல நூறு பக்க அறிக்கையைப் பிரித்துப் படித்து எழுத்தில் ஆட்சேபம் தர ஊர்களுக்கு முழு 30 நாளும் கிடைக்கும்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் தன்னார்வலர்கள் சிலர்,
கடலூர் முதுநகர்.