காசிப் பயணமும் செல்பேசிப் பதிவும்

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மஞ்சள் வெட்டு முடிந்ததும் பங்குனியில் நீங்களும் தங்கையும் காசிக்குப் புறப்படப்போவதாக எழுதியிருந்ததைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். கோவையிலிருந்து விமானச் சீட்டைப் பயண நிறுவனச் செயலி ஒன்றில் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையை ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் செயலியைத் திறவுங்கள். பணத்தை மட்டும் விமான நிறுவனத்தின் தளத்திலேயே கட்டுங்கள்.

சென்ற வைகாசியில் மகள் வீட்டுக்கு டில்லி செல்ல, நானூறு ரூபாய் குறைவு என்பதற்காக அப்படியொரு செயலியில் இரண்டு சீட்டு எடுத்தேன். மூன்று நாளுக்கு முன்பே விமானம் ரத்தாகிவிட்டது. எனக்குத் தகவலே வரவில்லை. பதிவில் இருந்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் என்னுடையவை அல்ல, இடையில் இருந்த நிறுவனத்தினுடையவை என்பது பிறகுதான் தெரிந்தது. விமான நிறுவனத்தைக் கேட்டால் சீட்டு எடுத்த இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் விமான நிறுவனம் இன்னும் பணம் அனுப்பவில்லை என்றார்கள். நாற்பத்தேழு நாள் கழித்து, வசதிக் கட்டணம் போக மீதி வந்து சேர்ந்தது. முகவர் வழியாக வாங்கிய சீட்டானாலும், முகவர் தன் பிரதிநிதி என்பதால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே உண்டு என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. அன்று இது தெரிந்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அப்போதே அழைத்திருப்பேன்.

கடைசிப் பக்கத்தையும் நிதானமாகப் படியுங்கள். முதலில் காட்டிய விலையோடு, நாம் கேட்காத காப்பீடும் நன்கொடையும் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தகைய ஏமாற்று உத்திகள் 13-ஐப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'இன்னும் இரண்டே இருக்கைகள்' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

காசியில் விடுதி எடுக்கும்போது, செயலியில் விலையைப் பார்த்த பிறகு விடுதிக்கே ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். முன்பு விடுதிக்காரர்கள் விரும்பினாலும் குறைத்துத் தர முடியாதபடி செயலி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகள் உள்ளிட்ட காரணங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பயணச் செயலி நிறுவனமான மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீது ரூ.223.48 கோடி அபராதம் விதித்தது. உதகையில் நான் நேரடியாகப் பேசியபோது, காலை உணவையும் சேர்த்தே குறைந்த வாடகைக்கு அறை கிடைத்தது.

நேரடியாக எடுங்கள் என்ற இந்த அறிவுரை பேருந்துக்குப் பொருந்தாது. சென்னைக்கு ஒரு சீட்டு போட டவுனுக்குப் போய், ஒவ்வொரு ஆம்னி பஸ் அலுவலகமாக ஏறி இறங்கிய காலத்தை நாம் இருவரும் அறிவோம். இன்று எல்லா நிறுவனங்களின் இருக்கைப் படமும், முன்பு பயணித்தவர்களின் கருத்தும், வண்டி இப்போது எங்கே வருகிறது என்பதும் ஒரே இடத்தில் தெரிகின்றன. தீபாவளிக்கு ஊர் செல்லப் பேருந்தில் இடம் கிடைக்காத இளைஞர் ஒருவரின் தவிப்பில் பிறந்த பேருந்துச் சீட்டுத் தளமான ரெட்பஸ், 2006-இல் தொடங்கியதிலிருந்து நம்மைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு நல்லதே நடந்திருக்கிறது. ஏறுமிடத்தை மட்டும் கவனியுங்கள். ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு ஈரோடு பேருந்து நிலையத்தில் காத்திருப்போம், வண்டியோ பவானி லட்சுமி நகர் பைபாஸில் நின்று போய்விடும்.

ஒருவேளை ரயிலில் போவதென்று முடிவெடுத்தால், ரயில்வேயின் சொந்தச் சீட்டு நிறுவனமான ஐஆர்சிடிசி தளத்திலேயே எடுங்கள். மற்றச் செயலிகளும் அதன் வழியாகத்தான் சீட்டு தருகின்றன. அதற்கு மேல் தங்கள் கட்டணத்தையும் சேர்க்கின்றன. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால் தேதியைக் குறித்து வையுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனாலும், கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. தங்கையின் முழங்கால் வலிக்கு அது அவசியம்.

வருகிற ஞாயிறு காலை உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். ஆதார் அட்டைகளை எடுத்து வையுங்கள். பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, உங்கள் கைபேசி எண்ணையே கொடுத்து, இருவரும் சேர்ந்தே பதிவு செய்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பள்ளித் தோழன்