நந்தனைப் பாடிய பாரதியார்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. பேத்தி பாட்டு கற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பாட்டெல்லாம் சிதம்பரத்துச் சிவனைப் பற்றி, பாட்டை எழுதியவர் தன் பெயரை வைக்கும் முத்திரை மட்டும் ‘கோபாலகிருஷ்ணன்’ என்று வருகிறதே, யார் இவர் என்று கேட்டிருக்கிறாய். இந்த ஒரு மாதமாக நான் வாசித்துக்கொண்டிருப்பதே அவரைப் பற்றித்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்தவர். முடிகொண்டானில் இருந்தார், பிறகு மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவிடைமருதூரில் இந்துஸ்தானி சங்கீதமும் கற்றிருக்கிறார். திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போனபோது சீடர்கள் ஆபோகியில் பாடிக்கொண்டிருந்தார்களாம். இந்த ராகத்தில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று தியாகராஜர் கேட்க, மறுநாள் ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’ பாட்டோடு வந்து நின்றாராம். சபாபதி என்பது சிதம்பரத்துச் சிவன்தான். வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பாட்டைக் கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய பெரிய காரியம் நந்தனார் சரித்திரம்தான், தீண்டாத சாதி என்று ஒதுக்கப்பட்ட பண்ணையாள் நந்தன் என்ற சிவபக்தனின் கதையைப் பாட்டாகச் சொல்வது. அதிலிருந்து உதிரியாகப் பாட்டுகளை எடுத்துக் கச்சேரியின் கடைசியில் பாடுகிறோமே, அதில் எவ்வளவு இழக்கிறோம் என்பது கதை வரிசையில் வாசித்தபோதுதான் புரிந்தது. ‘வழிமறைத்திருக்குதே’ எல்லோருக்கும் தெரியும். திருப்புன்கூர் வாசலில் நிற்கிறான் நந்தன். உள்ளே போக அனுமதியில்லை. வெளியிலிருந்தாவது பார்க்கலாம் என்றால் மலைபோல் ஒரு மாடு குறுக்கே படுத்திருக்கிறது. சரி, அடுத்து ‘சற்றே விலகியிரும் பிள்ளாய், சந்நிதானம் மறைக்குதாம்’. இதையும் நந்தன் கெஞ்சுவதாகவே நான் கேட்டுவந்தேன். அது சிவன் நந்தியிடம் சொல்வது! வாசலில் நிற்பவனின் குறையை உள்ளே இருப்பவரே தன் வாகனத்திடம் எடுத்துச் சொல்கிறார், அதுவும் அதட்டாமல், வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார், உடம்பு சிலிர்க்கும். இன்றைக்கும் திருப்புன்கூரில் நந்தி விலகித்தான் இருக்கிறது.

நந்தி விலகியது சேக்கிழாரின் பெரியபுராணத்திலேயே உண்டு. ஆனால் நந்தனை வேலை வாங்கும் ஆண்டை அதில் கிடையாது. சிதம்பரம் போக விடமாட்டேன் என்று மிரட்டி, நாற்பது வேலி நிலத்தையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிற அந்தணரைப் படைத்தவர் பாரதியார். ஒரே இரவில் பயிர் விளைந்து அறுவடையாகிக் கிடக்க, அந்த ஆண்டை பண்ணையாளின் காலில் விழுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், தஞ்சை ஜில்லாவில், ஒரு பிராமணர் இதை எழுதிச் சபையில் பாடியிருக்கிறார் என்பதை நினைத்துப் பார். அதற்காகவே அவரை நான் கும்பிடுவேன். ஆனாலும் கடைசியில் நந்தன் தீயில் மூழ்கி எழுந்துதானே உள்ளே போக முடிகிறது? அந்தத் தீ பழைய கதையிலிருந்தே வருவது. எனக்கு அது ஆறவே இல்லை. உனக்கு எப்படியோ, எழுது.

பண்டிதர்களிடம் அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் சிறப்புப் பாயிரம் கேட்டு நடையாய் நடந்திருக்கிறார். பெரியபுராணத்திலிருந்து கதை விலகுகிறது, இலக்கணப் பிழைகள் வேறு, பிள்ளை பிடிகொடுக்கவில்லை. ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, இவர் திண்ணையில் உட்கார்ந்து தன்போக்கில் பாடியிருக்கிறார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர் உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். படிப்பவருக்காக அல்ல, கேட்பவருக்காக எழுதியவர் பாரதியார். பெரிய ராகங்களோடு நொண்டிச்சிந்தும் கும்மியும் சேர்ந்து வருவது அதனால்தான். அவர் காலத்திலேயே காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் முன்னின்று அதை அச்சில் கொண்டுவந்தார்.

இன்னொன்று. 1871இல் பிள்ளையிடம் படிக்க மாயவரம் வந்த உ.வே.சா. கொஞ்ச காலம் பாரதியாரிடம் சங்கீதமும் கற்றார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை, பாட்டு நின்றது. தமிழுக்கு அது நல்லதாகத்தான் முடிந்தது. ஆனால் பின்னாளில் பாரதியாரின் வாழ்க்கையை எழுதிவைத்ததும் அதே மாணவர்தான். அவர் எழுதாவிட்டால் நமக்கு இவ்வளவுகூடக் கிடைத்திருக்காது.

அப்புறம் வேதநாயகம் பிள்ளை. மாயவரத்தில் முன்சீபாக, அதாவது நீதிபதியாக இருந்தவர், கிறிஸ்தவர், பாரதியாரின் நண்பர். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சித்தொட்டி நடத்தினார். அதைப் பார்த்து ‘நீயே புருஷ மேரு’ என்று பாடியிருக்கிறார் பாரதியார். சபாபதியைத் தவிர வேறு யாருக்கும் தலைவணங்காத மனுஷர், பசித்தவனுக்குச் சோறு போட்டவரைப் பாடினார். பேத்தியின் பாடத்தில் இது இருக்காது, நீ சொல்லிக் கொடு.

இங்கே எல்லோரும் சுகம். மனைவிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடி ஏறுகிறாள். உன் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் தேட வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்