குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விழா, குடியரசு தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குகள் மாற்றியாகிவிட்டது.

நீச்சல் குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன சித்திரையில் தண்ணீர் பச்சையாகி, படியில் கால் வைத்தாலே வழுக்கியது நினைவிருக்கும். பராமரிப்புக்கு வந்தவர் குளோரின் மாத்திரையும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) போட்டுக்கொண்டேதான் இருந்தார், பாசி போகவில்லை. டெஸ்ட் கிட் வாங்கி நானே பார்த்தேன். அந்த மாத்திரையோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்து வருகிறது. அது 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரை இருந்தால் வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும். ஆனால் குளோரின் செலவாகிவிடும், இந்த அமிலம் தண்ணீரிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும், மிஞ்சினால் குளோரின் இருந்தும் பயனில்லை. சோதனைக் குழாயின் அடியில் உள்ள கறுப்புப் புள்ளி 100 கோட்டை எட்டுமுன்பே மறைந்துவிட்டது, அதாவது அமிலம் 100 பிபிஎம்முக்கும் மேல். பாதித் தண்ணீரை இறைத்து, லாரித் தண்ணீர் விட்டோம். செலவுதான், ஆனால் வேறு வழியில்லை.

அப்புறம் மாத்திரையை நிறுத்தி, திரவக் குளோரினை இருட்டிய பிறகு மட்டும் அளந்து ஊற்றினோம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.2க்கும் 7.6க்கும் நடுவில் வைத்தோம். 8க்குப் போனால் குளோரினில் கால்வாசிதான் வேலைக்கு ஆகும். சருகை அன்றன்றே அள்ளினோம், ஊறிய இலை பாசிக்கு உரம். வாரம் இருமுறை சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்தோம். ஏணிக்குப் பின்னால் தண்ணீர் ஓடாத இடத்தில்தான் பாசி முதலில் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்கு வழவழப்பு தெரியும். ஐப்பசி மழையிலும் பச்சை திரும்பவில்லை, மயில்துத்தம் ஒரு கிராம்கூட வாங்கவில்லை.

தேய்க்க முறை வைத்துப் பட்டியல் ஒட்டினேன். 24 வீடுகளில் ஐந்து வீட்டார்தான் வந்தார்கள், மற்ற நாளெல்லாம் நானும் பொருளாளரும்தான். பதினொரு வீடுகளில் சந்தா பாக்கி. பிள்ளைகளைக் குளத்தில் இறங்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது, அதனால் பெரியவர்களிடம்தான் கேட்க முடியும்.

வரவு செலவைப் பொருளாளர் தணிக்கைக்குக் கொடுத்திருக்கிறார். லாரிச் செலவு போகவும் கையிருப்பு கொஞ்சம் உண்டு. காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஃபில்டர் மணல் மாற்றியாக வேண்டும், பாக்கி வந்தால்தான் முடியும். பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் டெஸ்ட் கிட்டை வைத்து எல்லாம் சொல்லித் தருகிறேன். பிரஷ் பம்ப் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் அங்கே இருப்பேன்.