விமானத்துக்கு உள்ளேயும் சத்தத்தை அளந்து பாருங்கள்

விமானப் போக்குவரத்துத் துறையிலும் அதன் ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் இடத்திலும் இருக்கும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். சத்தத்துக்குப் பயந்தவர்கள் இல்லை. போன மாதம் அம்மாவைப் புரொப்பல்லர் விமானத்தில், அதாவது இறக்கையில் விசிறி சுற்றும் விமானத்தில், கூட்டிப் போனேன். கிடைத்த இருக்கை விசிறிக்கு நேர் பக்கத்தில். தறிக்குடோனிலேயே காது மந்தமாகி மிஷின் வைத்திருப்பவர் அம்மா. அந்த மிஷின் பேச்சை விட்டுவிட்டு இரைச்சலைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் அறிவிப்பும் இல்லை, நான் பேசியதும் இல்லை. "ஒண்ணும் கேக்கல கண்ணு" என்றவர், இறங்கும்வரை யார் எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வரிசையில் எத்தனை டெசிபல் என்று விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். "வரம்புக்குள் இருக்கிறது" என்று பதில். எந்த வரம்பு, யார் அளந்தது?

விமானம் ஊருக்குள் எழுப்பும் சத்தத்துக்குச் சர்வதேச விதியும் சான்றிதழும் உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காது அந்தக் கணக்கில் வருவதில்லை. தொழிற்சாலை விதியில்கூட 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். சம்பளம் வாங்குபவருக்கு வரம்பு, டிக்கெட் வாங்குபவருக்குக் காதில் அடைக்கப் பஞ்சு!

அந்தப் பஞ்சும் உதவாது. ஆறு இதழ் விசிறி நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 அதிர்வு. அந்த அலையின் நீளம் 3 மீட்டருக்கு மேல். சுவருக்குள் இருக்கும் மெல்லிய மெத்தை அதைப் பிடிக்காது. சாப் 340 விமானத்தில் ஒலிபெருக்கி வழியே எதிர் அலை (இரைச்சலின் அலைக்கு நேர் தலைகீழாக இருந்து அதை அமுக்கும் அலை) விட்டும், டேஷ் 8 விமானத்தில் உடற்சட்டத்தையே எதிராக அதிர வைத்தும் 1990-களிலேயே அடக்கிக் காட்டியிருக்கிறார்கள். நமக்கோ விமான நிலையத்துக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கக் காசு இருக்கிறது, ஒலிவாங்கி வைத்து அளக்கத்தான் இல்லை. காதை மூடும் ஹெட்போனைப் பயணியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால், சீட் பெல்ட்டையும் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லிவிடலாமே.

சரி, கோபத்தை விடுங்கள். கேட்பது ஒன்றுதான்: வரிசை வரிசையாக அளந்து, எண்ணை வெளியிடுங்கள். விசிறியின் தாழ்ந்த உறுமலுக்கு எதிர் அலை ஆய்வை உங்கள் கூடங்களில் நடத்துங்கள். காற்று உரசும் உயர்ந்த இரைச்சலுக்கு நெய்யாத் துணி (நெய்யாமல் இழைகளைப் பிணைத்துச் செய்வது) உதவும். தீச்சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பொள்ளாச்சியில் தென்னை நார் இருக்கிறது. அளந்த எண்ணை மட்டும் தயவுசெய்து கொடுங்கள். மாதிரி செய்து தர இங்கே ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
சோமனூர் விசைத்தறியாளர் ஒருவர்